உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்… (வாசகர் கேள்வி-பதில்)

மரச்சாமான், மரத்தளம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

தாத்தா காலத்துத் தேக்கு பீரோ. மேலெல்லாம் கறுத்து, கை வைத்தால் பிசுபிசுக்கிறது. பழைய பாலிஷ் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும் என்கிறார் ஆசாரி. நானே வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

தாராளமாகச் செய்யலாம். ஆனால் முழுவதையும் எடுக்க வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி பாலிஷே அல்ல. அடுப்புப் புகை, கையெண்ணெய், தூசி. பழைய பருத்தித் துணியில் டர்பன்டைனைத் தொட்டு ஒரு கதவை மட்டும் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்துக்கொண்டே வரும். அது நின்றதும், ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் அரை டீஸ்பூன் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். பல பீரோக்களுக்கு வேலை இத்தோடு பாதி முடிந்துவிடும்.

அடுத்து, மேலே இருப்பது எந்த பாலிஷ் என்று தெரிய வேண்டும். கீலுக்குப் பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், பாலிஷ் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். அந்த இடம் இளகி, பஞ்சில் பழுப்பு ஒட்டினால் அது அவலரக்கில் (அவல்போல் செதிலாகக் கிடைக்கும் அரக்கு) செய்த ஸ்பிரிட் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் எண்ணெய் வார்னிஷ், மெலமைன், பி.யூ. (பாலியூரிதேன்) ஆகியவற்றில் ஒன்று. தாத்தா காலத்து பீரோ என்றால் பெரும்பாலும் ஸ்பிரிட் பாலிஷாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். புது அரக்கு பழைய அரக்கைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். எனவே பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை. 320-ஆம் எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, மேலேயே பூசலாம். இதைச் சொல்ல ஆசாரிகளுக்கு மனசு வராது, கூலி பாதியாகிவிடுமே!

பாலிஷ் உரிந்து, வெடித்து, திட்டுத்திட்டாக இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். துணியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பலகை மேல் விரித்து, பாலிதீன் தாளால் மூடிப் பத்து நிமிடம் விட்டால் அரக்கு கூழாகிவிடும். தேங்காய் நாராலோ நைலான் தேய்ப்பானாலோ மர ரேகையின் போக்கில் தேய்த்து வழித்தெடுங்கள். இரும்பு நார் வேண்டாம். அதன் துணுக்குகள் தேக்கின் துளைகளில் தங்கி, பிறகு ஈரம் பட்டால் கறும்புள்ளியாக வரும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பாலிஷ் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கவே கூடாது.

காய்ந்ததும் உப்புத்தாள்: 120, அப்புறம் 180, கடைசியில் 240. ஒரு சிறு மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொண்டு, ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். 80-இல் தொடங்கி நேராக 240-க்குத் தாவினால், 80 போட்ட கீறல் அப்போது தெரியாது. பாலிஷ் ஏறியதும் அத்தனையும் வரிவரியாகத் தெரியும். தேக்கின் துளைகளை அடைக்க வெறும் சாக் பவுடரைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாதத்தில் துளையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பவுடரில் காவியும் கொஞ்சம் பழுப்பு வண்ணப்பொடியும் சேர்த்து, மரத்தின் நிறத்தைவிட ஒரு சாயல் கூடுதலாக இருக்கும்படி குழைத்துப் பூசுங்கள்.

பாலிஷுக்கு அளவு: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அவலரக்கு. கண்ணாடி பாட்டிலில் போட்டு ஒரு இரவு ஊறவிட்டு, இடையிடையே குலுக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பாவில் வைத்தால் நிறம் கறுத்துவிடும். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. பழைய பாட்டில் இருந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு பூச்சைப் பிரஷ்ஷில் அடிக்கலாம், இடையில் முக்கால் மணி நேரம் விட்டு. பிறகு 320-ஆல் லேசாக ஒரு தேய்ப்பு. அதற்கு மேல் பஞ்சு உருண்டைதான். எலுமிச்சை அளவு பஞ்சை, துவைத்துப் பழகிய வேட்டித் துணியில் சுற்றி, பாலிஷை உள்ளே பஞ்சில் ஊற்றுங்கள். துணியை பாலிஷில் முக்கக் கூடாது. காகிதத்தில் ஒற்றி, அதிகப்படியை எடுத்துவிட்டு, கை ஓடும்போதே பலகையைத் தொட்டு, ஓடும்போதே எடுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் கீழ்ப்பூச்சு கரைந்து கிழிந்துவிடும். உருண்டை இழுத்தால் துணி மேல் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். ஒரு வேளைக்கு ஐந்தாறு ஓட்டு போதும், மிச்சம் நாளைக்கு. மூன்றாம் நாள் கடைசியில், ஸ்பிரிட் மட்டும் லேசாகக் காட்டிய உருண்டையால் ஒருமுறை ஓட்டினால் எண்ணெய்ப் படலம் போய் மினுமினுப்பு தெளியும்.

பீரோவின் உட்புறத்துக்கு அரக்கு தவிர வேறெதுவும் வேண்டாம். எண்ணெய் வார்னிஷ் அடித்தால் பட்டுப்புடவையில் வருஷக்கணக்கில் அந்த வாடை இருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் காபி டபரா வைத்த இடத்தில் வெள்ளை வட்டம். என்ன தேய்த்தாலும் போகவில்லை.
– வாசகர், கோவை

வெள்ளை என்றால் ஈரம் பூச்சுக்குள்ளேயே நிற்கிறது, மரத்துக்குப் போகவில்லை. ஸ்பிரிட் பாலிஷாக இருந்தால், ஸ்பிரிட்டை மிக மிக லேசாகக் காட்டிய துணியால் ஒரே ஒரு ஓட்டு. அரை நிமிடம் பொறுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொன்று. துணி பளபளவென்று ஈரமாக இருந்தால் பாலிஷையே பெயர்த்துவிடும். மெலமைனோ லாக்கரோ என்றால் ஹேர் டிரையரை ஒரு அடி தள்ளிப் பிடித்து, இளஞ்சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். வட்டம் கறுப்பாக இருந்தால் கதை வேறு. தண்ணீர் மரத்துக்குள் போய், இரும்புச் சத்து தேக்கின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்துவிட்டது. பாலிஷை எடுத்துவிட்டு, வெந்நீர் கால் லிட்டருக்கு 20 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துப் பலகை முழுக்கத் தடவ வேண்டும். கறை மேல் மட்டும் தடவினால் அங்கே மட்டும் வெளிறிப்போகும். பிறகு மூன்று முறை தண்ணீரால் துடைத்தெடுங்கள். அந்த அமிலம் விஷம், அதன் உப்பு படிந்த மரத்தை உலர்ந்தபின் தேய்த்தால் கிளம்பும் தூசியும் மூக்கைப் பதம் பார்க்கும்.

மூன்று தலைமுறை கண்ட தொட்டிலும் நடைவண்டியும் இருக்கின்றன. மேலே பச்சை, நீலம், சிவப்பு என்று அடுக்கடுக்காக எனாமல் பெயின்ட். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் எல்லாம் கழன்றுவிடும் என்கிறார்கள்.
– வாசகி, மதுரை

வேண்டாம். பெயின்ட்டோடு வேறு சிலவும் கழன்றுவிடும். பழைய மூட்டுகள் வச்சிரம் (விலங்குப் பசை) போட்டு ஒட்டியவை. சூடான சோடா நீரில் இளகிவிடும். தேக்காக இருந்தால் காரம் பட்டு மரம் கறுத்தும் போகும். ரேகைக்குள் தங்கிய சோடா, பிறகு அடிக்கும் பாலிஷையும் கெடுக்கும்.

அதைவிட முக்கியமானது ஈயம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாகப் பச்சை, மஞ்சள், சிவப்பில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. சூடுகாட்டும் துப்பாக்கியும் கூடாது. தூசியும் புகையும்தான் ஆபத்து.

கெட்டியான பெயின்ட் ரிமூவரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு, ஒரே பக்கமாக இழுத்துப் பூசி, பாலிதீனால் மூடி, இருபது நிமிடம் கழித்து முனை மழுங்கிய பட்டித் தகட்டால் வழித்தெடுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும். மொட்டை மாடியில், கையுறை, கண்ணாடியோடு செய்யுங்கள். அந்த நெடிக்குச் சாதாரண முகக்கவசம் ஒன்றும் செய்யாது, காற்றோட்டம்தான் காப்பு. வழித்ததைக் காகிதத்தில் சுற்றிக் கட்டி, குப்பை எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், கொளுத்த வேண்டாம். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. கடைசித் தேய்ப்புக்கு வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்தே பயன்படுத்துங்கள்.

நடைவண்டிக்கு இதன் மேல் நான்கு பூச்சு அரக்கு போதும். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாகப் பயன்படும் அதே அரக்குதான். நன்றாகக் காய்ந்தபின் குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை. தொட்டில் விஷயம் வேறு. கடைசல் கம்பிகளின் பள்ளங்களிலிருந்து பெயின்ட்டை முழுக்க எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதில் பொம்மையை வையுங்கள், பிள்ளையை வேண்டாம்.

போன நவம்பரில் நாற்காலிகளுக்கு ஸ்பிரிட் பாலிஷ் போட்டோம். ஒரு மணி நேரத்தில் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. சரக்கு மோசமா?
– வாசகர், சென்னை

சரக்கைச் சொல்லிக் குற்றமில்லை, மழைக்காலம்தான் காரணம். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். வெயில் அடிக்கும் நாளில், ஸ்பிரிட் காட்டிய, ஏறக்குறைய உலர்ந்த உருண்டையால் ஓட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சென்னையில் இந்த வேலைக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு நிறுத்திவிடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறிக்கு நேர்கீழே வைப்பதும் இதே கோளாறைக் கொண்டுவரும்.

ஈட்டி மர ஊஞ்சல் பலகைக்கு விலை உயர்ந்த பி.யூ. அடித்தோம். நான்கு நாளாகியும் பிசுக்கு போகவில்லை. சில இடங்களில் தோலாக உரிகிறது.
– வாசகர், காரைக்குடி

ஈட்டியின் வைரத்தில் (முற்றிய நடுக்கட்டையில்) இருக்கும் சில இயற்கைப் பொருள்கள் எண்ணெய் வார்னிஷையும் பி.யூ. வகைகளையும் காயவிடாமல் தடுக்கும். தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் பூச்சை ஒட்டவிடாது. இப்போதிருப்பதை வழித்தெடுத்து, என்.சி. தின்னரால் துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். ஈட்டி என்றால் துணி ஊதா ஊதாவாக வரும், பயப்பட வேண்டாம். துடைத்த அரை மணிக்குள் தடுப்புப் பூச்சு ஏற வேண்டும்; விட்டால் எண்ணெய் மறுபடியும் மேலே கசிந்துவிடும்.

தடுப்புக்கு அரக்கே சிறந்தது, ஆனால் மெழுகு நீக்கிய அரக்கு. சாதாரண அவலரக்கில் சில சதவீதம் மெழுகு உண்டு. அதன் மேல் பி.யூ. பிடிக்காது. மெழுகு நீக்கியது கிடைக்காவிட்டால், கரைத்த பாட்டிலை இரண்டு வாரம் அசைக்காமல் வையுங்கள். மெழுகு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து இரண்டு பூச்சு கொடுங்கள். கடினமாக்கி கலக்கும் இரட்டை டப்பா பி.யூ. என்றால் டப்பாவில் போட்ட விகிதத்தை அளந்து ஊற்ற வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினாலும் இதே பிசுக்குதான்.

இன்னொன்று: பலகையின் அடிப்புறத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்து, பலகை ஓரங்கள் வளைந்துவிடும்.

கட்டிலுக்கு அடியில் தினமும் நைசான பொடி விழுகிறது. மண்ணெண்ணெய் தடவியும் நிற்கவில்லை. மேலே பாலிஷ் போட்டு அடைத்துவிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

அடைத்தால் உள்ளே இருக்கும் புழு சாகாது. வண்டாகி, பாலிஷையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நைசான பொடியும், ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளையும் என்றால் உளு வண்டு. கசகசா போன்ற கெட்டிக் குருணை என்றால் உலர்மரக் கரையான். மண் ஓடு தெரிந்தால் அது நிலத்துக் கரையான். கட்டிலை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள்.

உளு வண்டு பெரும்பாலும் வைரம் பாயாத வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். தேக்குக் கட்டில் என்று வாங்கியதில் பொடி கொட்டினால், வெள்ளைப் பகுதியைச் சாயம் பூசிச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், மருந்து எதுவும் தங்காது. எண்ணெயில் கரைத்த மர மருந்தை வாங்கி, ஊசிச் சிரிஞ்சால் ஒவ்வொரு துளையிலும் நிறையும்வரை செலுத்துங்கள். பாலிஷ் இல்லாத அடிப்பக்கம் முழுக்கப் பிரஷ்ஷால் பூசி, பாலிதீனில் மூன்று நாள் சுற்றி வையுங்கள். பாலிஷ் போட்ட பக்கத்தில் பூசினால் உள்ளே இறங்காது. பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. இருக்கும் துளைகளைப் பென்சிலால் சுழித்து, கீழே கறுப்புக் காகிதம் விரித்து வையுங்கள். கட்டில் ஆடும்போது பழைய சுரங்கத்திலிருந்து பொடி விழத்தான் செய்யும்; சுழிக்காத புதுத் துளை வந்தால்தான் கவலை. இரண்டு மாதம் புதிது வராவிட்டால் துளையை மெழுகாலோ பட்டியாலோ அடைத்து, அடிப்பக்கத்துக்கும் சேர்த்தே பாலிஷ் போடுங்கள். வண்டு முட்டையிடுவது பூச்சில்லாத மரத்தின் துளைகளில்தான். மருந்து நெடி போகும்வரை அந்தக் கட்டிலில் படுக்க வேண்டாம்.

பழைய பங்களாவின் கூடம் 12-க்கு 15 அடி, முழுக்கப் பலகைத் தளம். நடைபாதையில் மெருகு தேய்ந்து வெளுத்திருக்கிறது, இடுக்கில் தூசி அடைகிறது, சில பலகைகள் கிறீச்சிடுகின்றன. இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து நாங்களே இழைக்கலாமா?
– வாசகர், குன்னூர்

அவசரப்பட்டு இயந்திரத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். பலகையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? கதவு நிலைக்கு அருகில் ஓரம் தெரியும் இடத்திலோ, ஒரு பலகையைக் கழற்றியோ பாருங்கள். நாக்கும் காடியுமாகக் கோத்த (ஒரு பலகையின் நீட்டல் அடுத்ததன் பள்ளத்தில் செருகிய) பலகை என்றால், நாக்குக்கு மேலே ஐந்து மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். முன்னமே இரண்டு மூன்று முறை இழைத்த தளமாக இருந்தால் இனி இழைப்பு தாங்காது.

நடைபாதையில் மட்டும் தேய்மானம் என்றால் முழு இழைப்பு தேவையே இல்லை. 150-ஆல் மேலோட்டமாகச் சொரசொரப்பாக்கி, இரண்டு பூச்சு கொடுத்தால் போதும். ஒரே தடை மெழுகு. மலை பங்களாக்களில் காலங்காலமாக மெழுகு பாலிஷ்தான் போட்டு வந்தார்கள். மெழுகின் மேல் பி.யூ. நிற்காது. வெள்ளைத் துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்து, மஞ்சளாக வழுவழுவென்று வந்தால் மெழுகு. அப்போது இரண்டு வழி: மெழுகிலேயே தொடர்ந்து பராமரிப்பது, அல்லது முழுக்க இழைப்பது. எங்களைக் கேட்டால், வீட்டில் நடமாட்டம் குறைவென்றால் மெழுகே நல்லது. தேய்ந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசிக்கொள்ளலாம், பி.யூ-வில் அந்த வசதி கிடையாது.

இழைப்பதென்று முடிவு செய்தால் முதல் வேலை ஆணி. ஒவ்வொரு ஆணித் தலையையும் மூன்று மில்லிமீட்டர் உள்ளே தட்டுங்கள். ஒன்று துருத்தினாலும் தாள் கிழியும், பொறி பறக்கும். கிறீச்சிடும் பலகை கீழ்ச்சட்டத்திலிருந்து விடுபட்டிருக்கும். சட்டம் ஓடும் இடம் பார்த்துத் திருகாணி போட்டு இழுங்கள். அப்படியே சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் மக்கியிருக்கிறது. காற்றோட்டத்துக்காக அடிச்சுவரில் விட்ட துவாரங்களைப் பூச்செடித் தொட்டியும் சிமென்ட்டும் போட்டு மூடியிருக்கிறார்களா என்று வெளியே போய்ப் பார்த்து வாருங்கள். பலகைத் தளம் கெடுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் அதுதான்.

உருளையில் உப்புத்தாள் சுற்றிய இயந்திரம் மரத்தை வேகமாகத் தின்னும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி நின்றாலும் பள்ளம் விழுந்துவிடும். பழகாதவர்கள் சுழல் வகையையே கேளுங்கள். தாள் 40, 60, 100 என்று போங்கள். 120-க்கு மேல் வழவழப்பாக்கினால் பி.யூ. பிடிக்க இடமிருக்காது. தூசிப்பையை வேலை முடிந்ததும் வீட்டுக்கு வெளியே காலி செய்யுங்கள். பழைய வார்னிஷ் கலந்த சூடான தூள், பைக்குள்ளேயே கனன்று இரவில் தீப்பிடிக்கும்.

இடுக்குகள் கோடையில் விரியும், மழையில் சுருங்கும். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுங்கள். கெட்டிப் பட்டி போட்டு அடைத்தால் அடுத்த மழையில் நொறுங்கி மேலே தள்ளிக்கொண்டு வரும். அகலமானவற்றுக்கு அதே மரத்தில் மெல்லிய சீவல் செய்து, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் பலகை அசைய இடமில்லாமல் வேறெங்காவது பிளக்கும்.

கூடம் 180 சதுர அடி. ஒரு லிட்டர் பி.யூ. ஒரு பூச்சுக்கு நூறு சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். மூன்று பூச்சுக்கு ஐந்தரை லிட்டர் வாங்குங்கள். பூச்சுகளுக்கிடையே 220-ஆல் லேசாகத் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுங்கள். குன்னூரில் ஜனவரி இரவுக் குளிரில் பூச்சு காயாது. பிப்ரவரி, மார்ச் சரியான நேரம். ஒரு வாரத்துக்குப் பிறகு சாமான்களை நகர்த்தாமல் தூக்கி வையுங்கள். கம்பளம் விரிக்க மூன்று வாரமாவது போகட்டும்.

எங்கள் ஃபிளாட்டில் லாமினேட் மரத்தளம். கீறல் விழுந்திருக்கிறது. இதையும் இழைத்து பாலிஷ் போடலாமா?
– வாசகி, சென்னை

முடியாது. நீங்கள் பார்க்கும் மர ரேகை அச்சடித்த தாள்; உப்புத்தாள் பட்டால் போயே போய்விடும். அதே நிறத்து மெழுகுப் பென்சிலால் கீறலை நிரப்புங்கள், அல்லது அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள்.

பிரம்பு நாற்காலியின் இருக்கை தொய்ந்துவிட்டது. புதிதாகப் பின்னத்தான் வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

பிரம்பு அறுந்திராவிட்டால் வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் அரை மணி நேரம் நனைத்து வைத்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். காயும்போது சுருங்கி இறுகும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது. பிளாஸ்டிக் பின்னலாக இருந்தால் இது பலிக்காது.

பர்மா தேக்கில் செதுக்கிய வாசல் கதவு, மேற்கு வெயில் அடிக்கிறது. வார்னிஷ் ஒரே வருஷத்தில் உரிகிறது. நல்லெண்ணெய் பூசலாம் என்கிறார் அம்மா.
– வாசகர், தேவகோட்டை

அம்மா சொல்வதில் எண்ணெய் சரி, நல்லெண்ணெய்தான் சரியில்லை. அது முழுதாகக் காயாது. தேங்காய் எண்ணெயும் அப்படியே. பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டு, சிற்பத்தின் மூக்கும் முழியும் தெரியாமல் செய்துவிடும். தெளிந்த வார்னிஷ் உரிவதற்குக் காரணம், வெயில் அதை ஊடுருவிக் கீழே மரத்தின் மேல்தோலையே சிதைப்பது. பிடிமானம் போனதும் பூச்சு தோலாக வரும். எனவே படலமாக நிற்காமல் உள்ளே இறங்குகிற பூச்சுதான் உங்கள் கதவுக்கு ஏற்றது.

பழைய வார்னிஷை ரிமூவராலும் பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் எடுங்கள். செதுக்கல் மேல் உப்புத்தாள் கூடவே கூடாது, கூர்மை மழுங்கினால் திரும்ப வராது. கடையில் ‘பாயில்டு லின்சீட்’ என்று கேட்டு ஆளிவிதை எண்ணெய் வாங்கி, முதல் பூச்சுக்குச் சம அளவு டர்பன்டைன் கலந்து பூசுங்கள். இருபது நிமிடம் கழித்து, மேலே நிற்பதை ஒரு துளி விடாமல் துடைத்துவிடுங்கள். விட்டால் பிசின் ஆகும். ஒரு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு பூச்சு, அதன்பின் வருஷத்துக்கு ஒன்று, மழைக்கு முன்பாக. அடைமழையில் சில இடம் பூஞ்சை பிடித்துக் கறுக்கலாம். டர்பன்டைனால் துடைத்துவிட்டு மறுபடி பூசிக்கொள்ளுங்கள்.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலாகக் கிடந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஒரு வாளித் தண்ணீரில் முக்கியெடுத்து, வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பையில் சேருங்கள்.